விண்டோலாண்டா: ரோமானிய எல்லைக் கோட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடக்கே நியூகாசிலில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் வருடத்துக்கு மூன்று நான்கு தடவையாவது விண்டோலாண்டாவுக்கு அழைத்துப் போகிறேன். முதலில் எல்லோரும் சொல்வது, "என்னப்பா, இடுப்பளவு சுவர்தானே இருக்கு." அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அவர்களிடம் நிறைய கேள்விகள் இருக்கும். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை.

அவற்றை அவரவர் கேட்ட பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

விண்டோலாண்டா எங்க இருக்கு? ஊரா, கோட்டையா?

இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்ட் மாவட்டத்தில், பார்டன் மில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிழக்கே கார்பிரிட்ஜையும் மேற்கே கார்லைலையும் இணைத்த ரோமானியச் சாலையின் ஓரத்தில் படைக்காகக் கட்டிய கோட்டை அது. பின்னாளில் கோட்டை மதிலை ஒட்டி வெளியே ஒரு சிற்றூரும் வளர்ந்தது. கடைகள், வீடுகள், குளியல் கூடம் எல்லாம் அங்கே இருந்தன. ஆகவே கோட்டை, ஊர் இரண்டுமே சரிதான்.

பெயர் ரோமர் வைத்தது போலத் தெரியவில்லை. உள்ளூர் கெல்டிக் மொழியில் 'வெண்மையான வெளி' அல்லது 'ஒளிரும் புல்வெளி' என்று பொருள் சொல்கிறார்கள். ஊர்மக்கள் தங்களை 'விண்டோலாண்டா ஊரார்' என்று குறித்துக்கொண்டு, நெருப்புத் தெய்வம் வல்கனுக்கு எழுப்பிய பலிபீடம் 1914இல் கிடைத்தது. ஊர்ப்பெயரைக் கல்லே சொல்லிவிட்டது.

ஹேட்ரியன் சுவரோட ஒரு பகுதிதானே இது?

நேரடியாக இல்லை. பேரரசர் ஹேட்ரியன் கட்டச் சொன்ன சுவர் சுமார் 117 கிலோமீட்டர் நீளம். வேலை கி.பி. 122இல் தொடங்கியது. விண்டோலாண்டாவின் முதல் கோட்டை ஏறக்குறைய கி.பி. 85இல் எழுந்துவிட்டது. அதாவது சுவரைவிட முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. இடத்தைப் பார்த்தாலும் சுவர்க்கோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே தள்ளித்தான் நிற்கிறது.

சுவர் வந்தபிறகு அந்தக் காவல் ஏற்பாட்டில் இந்தக் கோட்டையும் சேர்ந்துகொண்டது. ஆனால் பலரும் தேடி வருவது இங்கே மண்ணுக்கடியில் கிடைத்த, மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்களை. அவற்றில் பெரும்பாலானவை சுவருக்கு முந்தைய காலத்தவை. எல்லை என்றால் ஒரு சாலையும் அதன் ஓரத்துக் கோட்டைகளுமாக மட்டுமே இருந்த காலம் அது.

கோட்டைன்னா செஞ்சி, வேலூர் மாதிரி இருந்திருக்குமா?

இந்த எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாற்றம்தான். செஞ்சி முற்றுகையைத் தாங்கக் கட்டியது, மலைமேல் ஏறி நின்று எதிரியைப் பார்ப்பது. ரோமானிய எல்லைக் கோட்டை அப்படிப்பட்டது இல்லை. அது படை தங்கும் வளாகம். எதிரி வந்தால் உள்ளே பதுங்கிக்கொள்வது அவர்கள் வழக்கமில்லை, வெளியே போய்ச் சண்டை போடுவதுதான் வழக்கம்.

முனை மழுங்கிய சீட்டுக்கட்டுச் சீட்டைப் போன்ற வடிவம், பக்கத்துக்கொரு வாயில். நடுவில் தலைமை அலுவலகம். அதன் பக்கத்தில் தளபதியின் வீடும் தானியக் களஞ்சியமும். சுற்றிலும் வரிசையாகச் சிப்பாய்களின் பாசறைக் கட்டடங்கள். பிரிட்டனில் ஒரு கோட்டையைப் பார்த்துவிட்டு சிரியாவில் இன்னொன்றில் நுழைந்தாலும் அலுவலகம் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியிருக்காது.

ஒரே இடத்துல ஒன்பது கோட்டைன்னு சொல்றாங்களே, எப்படி?

ஒன்றன்மேல் ஒன்றாக. தொடக்கத்தில் இருந்தவை மரக்கோட்டைகள். அந்த ஈரமண்ணில் நட்ட தூண் சில ஆண்டுகளிலேயே உளுத்துவிடும். படைப்பிரிவு மாறும்போது பழையதை இடித்துத் தள்ளி, களிமண்ணும் புல்கட்டியும் போட்டு மேடாக்கி, அதன்மேல் புதியதைக் கட்டினார்கள். கல்லில் கட்டியதெல்லாம் பிற்பாடுதான். இன்று கண்ணுக்குத் தெரியும் சுவர்களில் பெரும்பகுதி 3ஆம் நூற்றாண்டுக் கல்கோட்டையைச் சேர்ந்தது.

இடித்ததன்மேல் களிமண் போட்டு மூடிய அந்தப் பழக்கத்தை நினைவில் வையுங்கள். கடிதங்கள் பிழைத்த கதை அதில்தான் இருக்கிறது. ஏழாவது கேள்வியில் வருகிறது.

அங்க இருந்த சிப்பாய்ங்க எல்லாம் ரோம் நகரத்து ஆளுங்களா?

ரோம் நகரத்து ஆட்கள் இல்லை. அநேகமாக ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். இங்கே தங்கியவை துணைப்படைகள். ரோம் வென்ற நாடுகளில் திரட்டிய ஆட்கள். துங்ரியர்கள் இன்றைய பெல்ஜியத்தின் டோங்கரன் பகுதியிலிருந்து வந்தவர்கள். பட்டாவியர்கள் ரைன் ஆற்றின் கழிமுகத்தார், இன்றைய நெதர்லாந்து. 3ஆம் நூற்றாண்டில் இருந்தது கோல் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டுப் பெயர் தாங்கிய நான்காம் படைப்பிரிவு.

25 ஆண்டு பணி முடித்தால் ரோமானியக் குடியுரிமை கிடைக்கும். கி.பி. 100ஐ ஒட்டி இங்கே தளபதியாக இருந்த ஃபிளேவியஸ் செரியாலிஸே பட்டாவியர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவருக்குக் கீழிருந்த மாஸ்குலஸ் என்ற குதிரைப்படைத் தலைவர் ஒரு கடிதத்தில் 'என் அரசருக்கு' என்றே விளிக்கிறார். ரோமானியப் படையில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை. சொந்த ஊர்த் தலைவரின் கீழ் சொந்த ஊர்க்காரர்கள் பணிபுரிந்த உறவு அந்த ஒரு சொல்லில் தெரிகிறது. நேற்று அடிபணிந்த மக்களைக்கொண்டு இன்று அடுத்த மக்களை அடக்குவது பேரரசுகளின் பழைய வழி. பிரிட்டிஷார் நம் ஊர்ச் சிப்பாய்களை எங்கெல்லாம் அனுப்பினார்கள் என்று தெரிந்த நமக்கு இது எளிதில் புரியும்.

கோட்டை நிறைய ஆள் இருந்திருப்பாங்களா? எல்லாரும் மதில்மேல காவல் நின்னாங்களா?

இதற்கு அன்றைய அலுவலகக் கணக்கே கையில் இருக்கிறது. கி.பி. 90களில் ஒரு மே 18ஆம் தேதி எழுதிய ஆள்கணக்கு. முதலாம் துங்ரியர் படையின் மொத்த எண்ணிக்கை 752. கோட்டையில் இல்லாதவர்கள் 456. அதில் 337 பேர் கார்பிரிட்ஜான கோரியாவில், 46 பேர் மாகாண ஆளுநரின் மெய்க்காவல் பணியில். லண்டனுக்குப் போனவரும் உண்டு. எஞ்சியவர்கள் 296. அவர்களிலும் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்வலி. வேலைக்குத் தகுதியாக நின்றவர்கள் 265 பேர், ஆறு நூற்றுவர் தலைவர்களில் ஒரே ஒருவர்.

நான் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டும்போது பிள்ளைகள்கூட அமைதியாகிவிடுவார்கள். பேரரசின் விளிம்பைக் காத்த கோட்டையில் அன்று இருந்தவர்கள் படையில் பாதிகூட இல்லை.

மரத்துல மையால எழுதினது ரெண்டாயிரம் வருஷம் எப்படி மக்காம இருக்கும்?

மரமும் தோலும் துணியும் மக்குவதற்குக் காற்று வேண்டும். பழைய கோட்டையை இடித்து அதன்மேல் களிமண் பூசி மூடினார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? அங்கே நிலம் எப்போதும் ஈரம். ஈரமும் களிமண்ணும் சேர்ந்து கீழடுக்கில் காற்றே நுழையாதபடி முத்திரை வைத்துவிட்டன. அதனால் தரையில் பரப்பிய வைக்கோல், பெரணி இலை, தோல் செருப்பு, மரச்சீப்பு, கடிதம் எல்லாம் பிழைத்தன. மை கரியும் பிசினும் கலந்தது, கரி மக்குவதில்லை.

கி.பி. 105 வாக்கில் பட்டாவியர் படை டானூப் நதிப் பக்கப் போருக்கு அழைக்கப்பட்டது. கிளம்பும்போது வேண்டாத ஏடுகளைக் கொளுத்திவிட்டுப் போனது போலிருக்கிறது. பாதி கருகிய ஏடுகள் கிடைத்திருக்கின்றன. நெருப்பு முழுதும் எரிந்து முடிந்திருந்தால் நமக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க?

1973இல் அகழாய்வாளர் ராபின் பர்லி. வடிகால் வெட்டும்போது, சேற்றிலிருந்து மரச்சீவல் போல மெல்லிய இரண்டு துண்டுகள் ஒட்டியபடி வந்தன. பிரித்துப் பார்த்தால் உள்பக்கம் மையெழுத்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டு எழுத்து மங்கத் தொடங்கியது. பிறகு அகச்சிவப்புக் கதிர்ப் படம் எடுத்தபோதுதான் எழுத்து மறுபடி தெரிந்தது. இன்றுவரை கிடைத்தவை 1,700க்கு மேல். 2017இல் ஒரே பருவத்தில் 25 ஏடுகள் வந்தன.

இதில் ஒரு குடும்பக் கதையும் உண்டு. ராபினின் தந்தை எரிக் பர்லி 1929இல் இந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். 1970இல் விண்டோலாண்டா அறக்கட்டளை தொடங்கியது. ராபினின் மகன் ஆண்ட்ரூவும் அங்கே அகழாய்வை நடத்தியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாக வயலை உழுவது போல மூன்று தலைமுறை ஒரே மண்ணைக் கிண்டியிருக்கிறது.

நம்ம ஓலைச்சுவடி மாதிரியா? இப்ப யாராவது படிக்க முடியுமா?

பயன்பாட்டில் ஓலைக்கு நெருக்கம்தான். பிர்ச், ஆல்டர் மரங்களை ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, அஞ்சலட்டை அளவுக்கு நறுக்குவார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறுவோம், இவர்கள் பேனாவில் மை தொட்டு எழுதினார்கள். நடுவில் மடித்து, வெளிப்பக்கம் முகவரி. மெழுகு பூசிய கனமான பலகைகளும் இருந்தன. அவற்றில் எழுத்தாணிதான்.

மொழி லத்தீன். ஆனால் கல்வெட்டில் காணும் அழகான பெரிய எழுத்து இல்லை, விரைவாகக் கிறுக்கும் கூட்டெழுத்து. லத்தீன் நன்றாகத் தெரிந்தவரும் திணறுவார். ஆலன் போமன், டேவிட் தாமஸ் என்ற இருவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து படித்துத் தந்தார்கள்.

அப்படி என்னதான் எழுதியிருக்காங்க? போர்த் திட்டமா?

போர்த் திட்டம் தேடுபவர்களுக்கு அதிகம் கிடைக்காது. விடுப்பு விண்ணப்பங்கள் நிறைய. 'எனக்கு விடுப்புத் தரத் தக்கவன் என்று கருதும்படி வேண்டுகிறேன்' என்று ஒரே அச்சில் எழுதுகிறார்கள். 'இருக்க வேண்டியவர்கள் எல்லோரும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார்கள், சாமான்களும் அப்படியே' என்ற அன்றாட அறிக்கைகளும் கட்டுக்கட்டாக உண்டு.

ஒக்டேவியஸ் என்பவர் கண்டிடஸுக்கு எழுதியது வியாபாரக் கடிதம். 5,000 மோடியஸ் (ரோமானிய முகத்தலளவை) அளவுக்குத் தானியம் வாங்கிவிட்டேன், 500 தினாரியஸாவது (ரோமானிய வெள்ளிக்காசு) அனுப்பு, இல்லாவிட்டால் முன்பணம் கொடுத்த 300ம் போய், எனக்குத் தலைகுனிவாகிவிடும் என்கிறார். தோல்களை எடுக்கப் போகாததற்குக் காரணமும் சொல்கிறார்: சாலை மோசமாக இருக்கும்போது வண்டி இழுக்கும் விலங்குகளை வதைக்க மனமில்லை. மேலே சொன்ன மாஸ்குலஸ் வெளியே ஒரு பிரிவோடு போயிருந்தபோது, நாளைக்கு எல்லோரும் திரும்ப வேண்டுமா, பாதிப்பேரா என்று கேட்டுவிட்டு, 'என் தோழர்களிடம் பீர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள்' என்று முடிக்கிறார்.

எனக்கு நெஞ்சைத் தொடுவது பெயர் அழிந்துபோன ஒரு கடிதம். யாரோ ஒருவர் ஒரு சிப்பாய்க்குச் சில இணைக் காலுறைகளும், இரண்டு சோடிச் செருப்பும், இரண்டு உள்ளாடையும் அனுப்பியிருப்பதாக எழுதுகிறார். அந்த மலைக்காற்றில் ஜூலை மாதத்திலேயே காது விறைக்கும். ஊரிலிருந்து காலுறை வந்த நாளில் அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்தப் பிறந்தநாள் அழைப்பிதழ் ஏன் அவ்வளவு பேசப்படுது?

கி.பி. 100ஐ ஒட்டி, வேறொரு கோட்டைத் தளபதி புரோக்கஸின் மனைவி கிளாடியா செவேரா, செரியாலிஸின் மனைவி சுல்பிசியா லெப்பிடினாவுக்கு எழுதியது. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால் அந்த நாள் எனக்கு இன்னும் இனிக்கும் என்று அழைக்கிறாள். கடிதத்தின் பெரும்பகுதியை எழுத்தர் ஒருவர் ஒழுங்கான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். கடைசியில் வேறு கை. வரி சற்றுக் கோணலாக ஓடுகிறது. 'உன்னை எதிர்பார்த்திருப்பேன், சகோதரி. நலமாக இரு, சகோதரி, என் உயிரே' என்று செவேராவே தன் கையால் சேர்த்திருக்கிறாள்.

ஒரு பெண் தன் கைப்பட எழுதிய லத்தீன் எழுத்துகளில் இன்றுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று இது. கணவனின் பதவியால் உலகத்தின் ஓரத்துக்கு வந்துசேர்ந்த இரண்டு பெண்கள். ஒருத்திக்கு மற்றவள்தான் துணை. 'சகோதரி' என்று அவள் திரும்பத் திரும்ப எழுதியதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

சிப்பாய்ங்களுக்குக் கல்யாணம் கூடாதுன்னு படிச்சேன். அப்ப பெண்கள், குழந்தைகள் எப்படி வந்தாங்க?

இரண்டும் உண்மை. 2ஆம் நூற்றாண்டு முடியும்வரை சாதாரணச் சிப்பாய் சட்டப்படி மணம் செய்ய முடியாது. தளபதிக்கு அந்தத் தடை இல்லை, குடும்பத்தோடு இருந்தார். அவர் வீட்டில் பிள்ளைகள் படித்ததற்கும் தடயம் உண்டு. வர்ஜிலின் ஈனியட் காவியத்தில் ஒரு வரியைக் கோணல்மாணலாக எழுதிப் பார்த்த ஏடு அது. அதன் ஓரத்தில் வேறு கையால் எழுதிய சொல்லைச் 'சோம்பல்' என்று படிக்கிறார்கள். வாத்தியார் போட்ட குறிப்பாக இருக்க வேண்டும்.

சிப்பாய்களின் கதையைச் சொல்பவை செருப்புகள். இதுவரை 5,000க்கும் மேற்பட்ட தோல் செருப்புகள் கிடைத்திருக்கின்றன. பெண்களுடையதும் குழந்தைகளுடையதும் பாசறைக் கட்டடங்களுக்குள்ளேயே கிடந்தன. சட்டம் என்ன சொன்னாலும் அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன என்று அவற்றைக்கொண்டு சொல்ல முடிகிறது. தோல் துண்டுகளை மறுபடி எடுத்து ஆராய்ந்தபோது சின்ன எலி வடிவத்தில் வெட்டிய விளையாட்டுப் பொருள் ஒன்றும் கிடைத்தது.

நம்ம மிளகு அங்க வரைக்கும் போச்சுன்னு சொல்றது உண்மையா, சும்மா பெருமைக்குச் சொல்றதா?

உண்மை. சிப்பாய்கள் வாங்கிய பொருட்களுக்கான கணக்கேடு ஒன்றில், தப்போவின் மகன் கம்பாக்ஸ் என்பவர் பெயருக்கு நேரே 'மிளகு, 2 தினாரியஸ்' என்று இருக்கிறது. வாங்கியவர் தளபதி இல்லை, சாதாரணச் சிப்பாய். ரோமானிய எழுத்தாளர் பிளினி கருமிளகு ராத்தல் 4 தினாரியஸ் என்று எழுதியிருக்கிறார். அந்த விலையை வைத்துப் பார்த்தால் கம்பாக்ஸ் வாங்கியது அரை ராத்தல், நம் கணக்கில் 160 கிராம் அளவு. வடக்கே விலை கூடுதலாக இருந்திருந்தால் இன்னும் குறைவு.

அன்று ரோமானிய உலகத்துக்குக் கருமிளகு வந்த இடம் மேற்குக் கடற்கரை, பழைய சேரநாடு. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறி என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டு பாடுகிறது. அங்கிருந்து பருவக்காற்றில் செங்கடல் துறைமுகம், பிறகு பாலைவனத்தில் ஒட்டகம், நைல் நதியில் படகு, அலெக்சாந்திரியா, அங்கிருந்து இத்தாலி. கடைசியில் பிரிட்டனின் வடக்கு மூலை. செங்கடல் கரையின் பெரனிகேயில் ஒரு கோயிலில் ஏழரை கிலோ மிளகு நிறைந்த சாடியே கிடைத்தது. முசிறியிலிருந்து வந்த சரக்குக்கான கடன் ஒப்பந்தம் ஒன்றும் பாப்பிரஸ் தாளில் பிழைத்திருக்கிறது.

கோட்டையில் நிற்கும்போது நான் எப்போதும் நினைப்பது இந்தக் கம்பாக்ஸைத்தான். சேரநாட்டு மலைச்சரிவில் கொடியிலிருந்து பறித்து உலர்த்திய கைகளுக்கு அவன் பெயர் தெரியாது. அவனுக்கும் அந்தக் கைகளைத் தெரியாது. முசிறிப் பாட்டும் இந்தக் கணக்கேடும் ஒரே வணிகத்தின் இரண்டு முனைகள்.

மிளகு போச்சுன்னா நம்ம ஆளுங்களும் விண்டோலாண்டா போயிருப்பாங்கதானே?

இணையத்தில் அப்படி எழுதுகிறார்கள். தயவுசெய்து பரப்பாதீர்கள். விண்டோலாண்டாவில் தமிழர் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை.

தமிழர் கடல்கடந்து போனதற்கு உறுதியான சான்று செங்கடல் துறைமுகங்களில் இருக்கிறது. எகிப்தின் குசேர் அல் காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கண்ணன், சாத்தன் போன்ற பெயர்கள் இருக்கின்றன. 'பானை ஒறி' (உறியில் தொங்கும் பானை) என்று எழுதிய ஓடும் அங்கே உண்டு. பெரனிகேயில் கொற்றன் பெயர். இவை போதாதா? அங்கிருந்து மேற்கே சரக்கு பல கை மாறிப் போனது. சரக்கு போன இடமெல்லாம் ஆளும் போனார் என்று சொன்னால், உண்மையான சான்றுக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

அந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்க, உள்ளூர் பிரிட்டன் மக்கள், கடிதத்துல வர்றாங்களா?

மிகக் குறைவு. வந்த இடத்திலும் நல்லவிதமாக இல்லை. ஒரு குறிப்பேடு அவர்களின் போர்முறையை விவரிக்கிறது: கவசம் இல்லை, குதிரை வீரர் மிக அதிகம், ஆனால் வாள் பயன்படுத்துவதில்லை. அதே குறிப்பில் அவர்களை 'பிரிட்டுன்குலி' என்கிறார் எழுதியவர். 'பிரிட்டன் அற்பர்கள்' என்பது போன்ற இளக்காரச் சொல். இந்தச் சொல் வேறெங்கும் கிடைக்காதது.

இன்னொரு ஏட்டில் ஒருவர், வணிகராக இருக்கலாம், தன்னைப் பிரம்பால் அடித்து ரத்தம் வரச் செய்தார்கள் என்று மேலிடத்துக்கு முறையிடுகிறார். 'நான் கடல்கடந்து வந்தவன், குற்றமற்றவன்' என்கிறார். அதாவது கடல்கடந்து வந்தவனை அடிக்கலாமா என்பதே அவர் வழக்கு. உள்ளூர்க்காரனை அடித்தால்? அந்தக் கேள்வியை எழுப்ப அங்கே யாரும் எழுத்தில் இல்லை. 3ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பேரரசர் செவரஸ் வடக்கே படையெடுத்த காலத்தில், பிரிட்டன் மக்களின் பாணியில் வட்டக் குடிசைகள் வரிசை வரிசையாக இங்கே கட்டப்பட்டன. அகதிகளா, பணயக் கைதிகளா, கூலிகளா என்று ஆய்வாளர்களிடையே பேச்சு நடக்கிறது. விண்டோலாண்டா கடிதங்களைக் கொண்டாடும்போது இதை மறக்கக் கூடாது. அங்கே பேசுகிறவர்கள் எல்லோரும் மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள்.

அப்ப சண்டையே நடக்கலையா? பீரும் பிறந்தநாளும் மட்டும்தானா?

நடந்தது. ஆள்கணக்கில் காயம்பட்டவர்கள் 6 பேர் என்று பார்த்தோம். துங்ரியர் படையின் நூற்றுவர் தலைவர் டைட்டஸ் அன்னியஸின் கல்லறைக் கல்லும் இங்கே கிடைத்தது. அவர் 'போரில் கொல்லப்பட்டார்' என்று அதில் பொறித்திருக்கிறது. ஹேட்ரியன் பட்டத்துக்கு வந்த காலத்தில் வடபிரிட்டனில் எழுந்த கலகத்தோடு அதை இணைத்துப் பார்க்கிறார்கள். சுவர் கட்டும் எண்ணத்துக்கே அந்தக் கலகம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஆனாலும் எல்லைப் படையின் பெரும்பகுதி நேரம் சண்டையில் போகவில்லை. சாலை காத்தல், தானியம் சேர்த்தல், செங்கல் சூளை, சுண்ணாம்பு, தோல் பதனிடல், போக்குவரத்தைக் கண்காணித்தல் இவைதான் வேலை.

பாசறைத் தரைக்கு அடியில ஒரு குழந்தையோட எலும்பு கிடைச்சுதாமே?

ஆமாம், 2010இல். ஏறக்குறைய 10 வயதுப் பிள்ளை, 3ஆம் நூற்றாண்டு. ஊருக்குள் பிணம் புதைப்பதை ரோமானியச் சட்டம் தடுத்தது. ஆகவே பாசறை அறையின் தரையைத் தோண்டிப் புதைத்தவர் மறைக்க நினைத்திருக்கிறார். பல்லை ஆராய்ந்ததில் அந்தப் பிள்ளை சிறுவயதில் மத்தியதரைக்கடல் பக்கம் வளர்ந்ததாகத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து யாருடனோ வந்த பிள்ளை. அந்த அறையைக் கடக்கும்போது நான் அதிகம் பேசுவதில்லை.

ரோமர்கள் போனபிறகு கோட்டை அப்படியே காலியாச்சா?

உடனே இல்லை. கி.பி. 410ஐ ஒட்டி பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிந்தது. படை என்ற பெயர் போனாலும் மக்கள் மதிலுக்குள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். கிறிஸ்தவ வழிபாட்டிடங்கள் எழுந்தன. சிலுவை, மீன், தேவதை உருவங்களைக் கீறிய ஈயக் கிண்ணம் ஒன்று உடைந்த துண்டுகளாகக் கிடைத்தது. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிறகு ஊர் கலைந்தது. கற்கள் பண்ணை வீடுகளுக்கும் வேலிச் சுவர்களுக்கும் போயின.

எல்லாத்தையும் சீக்கிரம் தோண்டி எடுத்துட்டா என்ன? ஏன் இவ்வளவு மெதுவா?

தோண்டுவது அழிப்பதும்கூட. ஓர் அடுக்கைக் கிளறிவிட்டால் திரும்ப வைக்க முடியாது. இதுவரை கால்வாசி அளவுதான் தோண்டியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் கோடைப் பருவத்தில், பெரும்பாலும் தன்னார்வலர்களைக்கொண்டு, கைக்கரண்டியால் வேலை நடக்கிறது. 2017இல் இரண்டு குத்துச்சண்டைக் கையுறைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் விரல் கணுக்களின் தடம் இன்னும் பதிந்திருக்கிறது. இயந்திரம் வைத்துத் தோண்டினால் அது மிஞ்சியிருக்குமா?

இப்போது கவலை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. காற்றுப் புகாத ஈரமண்தான் எல்லாவற்றையும் காத்தது என்றேன். வறண்ட கோடைகள் கூடினால் மண் காய்ந்து வெடிக்கும், காற்று இறங்கும், 1,900 ஆண்டு பிழைத்த மரம் சில ஆண்டுகளில் மக்கும். மண்ணின் ஈரத்தையும் வேதி மாற்றத்தையும் கருவி வைத்து அளந்து வருகிறார்கள்.

நேர்ல போனா கடிதங்களைப் பார்க்கலாமா?

பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சில ஏடுகளை விண்டோலாண்டா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். செருப்புகள், கையுறைகள், மரத்தால் செய்த கழிப்பறை இருக்கை எல்லாம் அங்கேதான். கோடையில் சுவரை ஒட்டி ஓடும் பேருந்தின் எண் ஏடி122, சுவர் தொடங்கிய ஆண்டையே எண்ணாக வைத்திருக்கிறார்கள். மழைச்சட்டை கட்டாயம் எடுத்து வாருங்கள். முதியவர்களை அழைத்து வந்தால் கோட்டையிலிருந்து அருங்காட்சியகத்துக்கு இறங்கும் பாதை சரிவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

லெப்பிடினா அந்தப் பிறந்தநாளுக்குப் போனாளா?

என் அத்தை கேட்டது. விழாவைப் பற்றிப் பேசும் வேறு ஏடு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் செவேரா லெப்பிடினாவுக்கு எழுதிய இன்னொரு கடிதம் கிடைத்திருக்கிறது. உன்னைப் பார்க்க வர வேண்டும் என்று புரோக்கஸிடம் கேட்டேன், எந்த வழியில் முடிந்தாலும் எப்போதும் போய்வரலாம் என்று சொல்லிவிட்டார் என்று அதில் எழுதுகிறாள். நேரில் சொல்ல வேண்டிய சில முக்கியமான விஷயங்கள் இருக்கின்றன என்கிறாள். அதுவரை பிரிகா என்ற இடத்தில்தான் இருப்பேன் என்றும் சொல்கிறாள்.